சோபாவில் பேஸ் இல்லை, பின்சுவரில் இடிக்கிறது: பெரிய சப்வூஃபர் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஹால் 12க்கு 15 அடி. 5.1 ஏவி ரிசீவரும் 10 அங்குல ஆக்டிவ் சப்வூஃபரும் (உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள பேஸ் ஸ்பீக்கர்) இருக்கின்றன. டிவி பக்கத்து மூலையில் சப், ஹாலின் நடுவே சோபா. சோபாவில் உட்கார்ந்தால் பேஸில் ஆழமே இல்லை. பின்சுவர் பக்கம் போனால் காதை அடைக்கிறது. படம் ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வேறு. 12 அங்குல சப்வூஃபர் வாங்கினால் தீருமா?

பதில்: தீராது. அதே மூலையில் 12 அங்குலத்தை வைத்தால் பின்சுவரில் இன்னும் பலமாக இடிக்கும், சோபாவில் இதே கதைதான். முதலில் சோபாவை நகர்த்துங்கள்.

ஹாலின் நீளம் 15 அடி, அதாவது சுமார் 4.57 மீட்டர். நம்மூர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 347 மீட்டர் போகும். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 38 ஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண் இரு சுவர்களுக்கு இடையே மோதித் திரும்பி, நகராமல் நிற்கும் அலையாக, அதாவது நின்றலையாகி, சுவரோரம் உச்சத்திலும் நடுவில் ஏறக்குறைய சுழியத்திலும் இருக்கும். உங்கள் சோபா அந்தச் சுழியத்தில்தான் இருக்கிறது. அதோடு, இதன் இரு மடங்கான 76 ஹெர்ட்ஸ் அதே நடுவில் உச்சம் காட்டும். அதனால்தான் 'டொம் டொம்' கேட்கிறது, ஆழம் வருவதில்லை. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பேஸை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால், ஜிப்சம் பலகைச் சுவர் உள்ள வீடுகளைவிட இங்கே இந்த ஏற்ற இறக்கம் கடுமை. வெளிநாட்டு யூடியூப் ஆலோசனைகளை அப்படியே பின்பற்றி ஏமாறுவதற்கு இது ஒரு காரணம்.

ஈக்வலைசரில் 38 ஹெர்ட்ஸைத் தூக்கி இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. 6 டெசிபல் ஏற்ற நான்கு மடங்கு பவர் வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. சப்பின் ஆம்ப்ளிஃபையர் திணறும், பள்ளம் அப்படியே இருக்கும். உச்சத்தை வெட்டத்தான் ஈக்வலைசர் உதவும்.

தலை பின்சுவரிலிருந்து சுமார் 5 அடியில், அதாவது நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் வரும்படி சோபாவைப் பின்னே தள்ளுங்கள். அங்கே 38, 76 இரண்டுமே மிதமாக இருக்கும். 3 முக்கால் அடி வரை போய்விடாதீர்கள், அது 76 ஹெர்ட்ஸின் சுழியம்.

அடுத்து சப்பின் இடம். சப்பைத் தூக்கி சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் தொடர்ந்து ஏறி இறங்கும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சப் வைக்கக்கூடிய இடங்களில் எல்லாம் தரையோடு குனிந்து கேளுங்கள். எல்லா சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடமே சப்புக்கான இடம். பார்க்க வேடிக்கையாக இருக்கும், பலன் உறுதி. மூலையில் பெரும்பாலும் ஒரு சுரம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். டிவி சுவரின் நடுவை ஒட்டிய இடத்தையும் மறக்காமல் சோதியுங்கள். அங்கே அகலத்தின் 47 ஹெர்ட்ஸ் நின்றலை தூண்டப்படுவதில்லை.

இடம் முடிவானதும் செட்டிங். பேஸைச் சப்புக்கும் மற்றதை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரை ரிசீவரே பார்த்துக்கொள்வதால், சப்பின் பின்னால் உள்ள லோ பாஸ் குமிழை உச்சத்துக்குத் திருப்புங்கள், 'எல்எஃப்இ' என்ற நிலை இருந்தால் அதில் வையுங்கள். 80 ஹெர்ட்ஸில் விட்டால் ரிசீவருடையதும் சப்புடையதுமாக இரண்டு ஃபில்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வெட்டும். வால்யூம் பாதியில், பவர் 'ஆட்டோ'வில் அல்லாமல் 'ஆன்'இல். ஆட்டோவில் இருந்தால் இரவில் சத்தம் குறைத்துப் பார்க்கும்போது சப் விழிக்கவே விழிக்காது. பிறகு சோபாவில் மைக் வைத்து ரிசீவரின் தானியங்கி அளவீட்டை ஓட்டுங்கள். சப்பின் லெவல் மைனஸ் 12 என்று வந்தால் ரிசீவர் தன் எல்லையில் முட்டி நிற்கிறது, சப்பின் குமிழைக் குறைத்து மறுபடி ஓட்ட வேண்டும். சப்பின் தூரம் டேப்பில் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்தாதீர்கள். சப்புக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் அது கணக்கில் சேர்த்திருக்கும். ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று பதிவாகியிருந்தால் 'ஸ்மால்' ஆக்கி 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள்.

இரைச்சல் தனி விவகாரம். சப்பை அணைத்து, ஆர்சிஏ கேபிளைச் சப்பின் முனையில் உருவிவிட்டு, மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு சப்பின் ஆம்ப்ளிஃபையரிலோ கரண்டிலோ இருக்கிறது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் சப்பைக் குறை சொல்ல வேண்டாம். கேபிளை உருவியதும் நின்றால் அது அநேகமாக கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒயர்கள் வழியே ஒரு வளையமாகி இரைச்சலைக் கொண்டுவருவது. கேபிளைத் திரும்ப மாட்டி, செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும். அந்த ஒயரில் கேபிள் டிவிக்கான ஐசோலேட்டர் ஒன்றைப் போட்டால் போதும். டிடிஹெச் என்றால் அது உதவாது, டிஷ்ஷுக்கு மேலே போக வேண்டிய மின்சாரத்தையும் தடுத்துவிடும். அங்கே டிவி, ரிசீவர், சப் எல்லாவற்றுக்கும் ஒரே சுவர் பாயின்ட்டிலிருந்து கரண்ட் எடுங்கள். அதிலும் அடங்கவில்லை என்றால் சப் கேபிளில் தரமான லைன் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். மலிவானது ஆழமான பேஸைத் தின்றுவிடும். எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். இரைச்சல் நிற்கும், ஆனால் உள்ளே மின்கசிவு வந்தால் மெட்டல் தகட்டைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் செலவு செய்ய ஆசையிருந்தால், 12 அங்குலத்தைவிட இதே மாடலில் இரண்டாவது 10 அங்குலம் நல்லது. செவ்வக அறையில் எத்தனை சப் போதும் என்று ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் ஆராய்ந்தபோது, எதிரெதிர் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டே நல்ல பலன் தந்தன. உங்கள் ஹாலில் ஒன்று டிவிக்குக் கீழே, மற்றது பின்சுவர் நடுவில். ரிசீவரில் ஒரே சப் அவுட் இருந்தால் ஒய் கேபிள் போதும், இரண்டு சப்பின் குமிழ்களும் ஒரே அளவில் இருக்கட்டும்.