மக்களவைக்கு 5 ஆண்டு, மாநிலங்களவைக்கு 6 ஆண்டு: ஏன் இந்த வித்தியாசம்?

பதவிக்காலம் என்பது ஓர் உறுப்பினர் ஒருமுறை தேர்வானால் அவையில் இருக்கக்கூடிய அதிகபட்ச காலம். திருநெல்வேலி தொகுதி எம்.பி.யை நாமே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். அவருக்கு 5 ஆண்டு. அந்தக் கணக்கு அவர் ஜெயித்த நாளிலிருந்து அல்ல, புதிய மக்களவையின் முதல் கூட்ட நாளிலிருந்து ஓடும். அவை முன்பே கலைந்தால் எல்லோர் பதவியும் சேர்ந்தே போகும். 1998-ல் வந்தவர்கள் 1999-லேயே மறுபடி ஓட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

மாநிலங்களவை கலைவதே இல்லை. தமிழ்நாட்டுக்கு 18 இடம்; எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு, ஒரே நேரத்தில் அல்லாமல் 6 பேர் வீதம் மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் அனுப்புகிறார்கள். ஆளுக்கு 6 ஆண்டு.

நம்மூர் வயலை நினையுங்கள். பிசான நெல் அறுப்பு முடிந்தால் வயலே வெறுமையாகிவிடும், அது மக்களவை. வாழைத்தோப்பில் தார் வெட்டிய மரம் சாயும்போது பக்கக்கன்று தலைதூக்கியிருக்கும், தோப்பு காலியாவதில்லை. ஒரே தேர்தல் அலையில் மொத்த நாடாளுமன்றமும் மாறிவிடக் கூடாது, பழகிய கைகள் எப்போதும் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். இது மிக நல்ல ஏற்பாடு.

சட்டமன்றம் கலைந்தால் அது அனுப்பிய மாநிலங்களவை உறுப்பினர் பதவியும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது, அவர் தன் 6 ஆண்டை முடிக்கலாம்.