46 கிராம் எத்தனால், ஆனால் மோல் பின்னம் 0.25 ஏன்?

கேள்வி: 46 கிராம் எத்தனாலை 54 கிராம் தண்ணீரில் கலந்தால் எத்தனாலின் மோல் பின்னம் என்ன? மொத்தம் 100 கிராம் என்பதால் 0.46 என்று எழுதினேன். புத்தகத்தில் 0.25 என்று இருக்கிறது. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் கண்டுபிடித்தது நிறைப் பின்னம், அதாவது எடையில் எத்தனாலின் பங்கு. கணக்கில் பிழையில்லை, கேட்டது வேறு. ஒரு பூசணிக்காயும் மூன்று எலுமிச்சம்பழமும் உள்ள கூடையைத் தராசில் வைத்தால் எடை முழுக்கப் பூசணிதான். எண்ணினால் நான்கில் ஒன்று. மோல் பின்னம் இப்படி எண்ணுகிற வேலை; மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு.

எத்தனாலின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 46 கிராம். ஆகவே உங்களிடம் இருப்பது 1 மோல். தண்ணீருக்கு 18. 54-ஐ 18-ஆல் வகுத்தால் 3 மோல். மொத்தம் 4 மோல், அதில் எத்தனால் ஒன்று: 0.25. தண்ணீருக்கு 0.75. இரண்டையும் கூட்டினால் 1 வர வேண்டும்; வராவிட்டால் எங்கோ தவறு. இந்தச் சரிபார்ப்பைத் தேர்வில் விட்டுவிடாதீர்கள்.

சரி, எடையே கையில் இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்று? கரைசலின் ஆவி அழுத்தம் (திரவத்திலிருந்து எழும் ஆவி தரும் அழுத்தம்) போன்ற பண்புகள் துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவை. தூய திரவத்தின் ஆவி அழுத்தத்தை அதன் மோல் பின்னத்தால் பெருக்கச் சொல்லும் ரவுல்ட் விதியில் மோல் பின்னம் வருவது அதனால்தான். ஒரு கிலோ தண்ணீரில் 180 கிராம் குளுக்கோஸைக் கரைத்தால் 55.5 மோல் தண்ணீருக்கு 1 மோல் குளுக்கோஸ். தண்ணீரின் பின்னம் 0.982. 25 டிகிரி செல்சியஸில் 23.8 மில்லிமீட்டர் பாதரசமாக இருந்த தண்ணீரின் ஆவி அழுத்தம் 23.4-க்கு இறங்கும்.

கன அளவை நம்பிக் கணக்குப் போடுவதும் ஆபத்து. அளவு ஜாடியில் 50 மில்லி எத்தனாலையும் 50 மில்லி தண்ணீரையும் ஊற்றிக் கலக்கிப் பாருங்கள். ஜாடி லேசாகச் சூடாகும். மட்டம் 100-ஐத் தொடாமல் 96, 97 பக்கம் நிற்கும். வெப்பநிலை மாறினாலும் கன அளவு மாறும். மோல் பின்னம் மாறாது. கன அளவுதான் தந்திருக்கிறார்கள் என்றால், ஒவ்வொரு திரவத்தையும் அதனதன் அடர்த்தியால் பெருக்கி எடையாக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

அப்புறம், உப்பு. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒரு கிலோ தண்ணீரில் 58.5 கிராம் சோடியம் குளோரைடு போட்டால் அது 1 மோல் உப்பு, பின்னம் 0.018. ஆனால் கரைந்ததும் சோடியம் அயனி (மின்னூட்டமுள்ள துகள்) ஒரு மோல், குளோரைடு அயனி ஒரு மோல் என்று பிரிந்துவிடுகிறது. ஆவி அழுத்தம் கேட்டால் 2 மோல் துகள்கள் என்றே எடுங்கள். தண்ணீரின் பின்னம் அப்போது 55.5-ஐ 57.5-ஆல் வகுத்தது, அதாவது 0.965.