பூனைக்குட்டிக்குப் பான்லூக்கோபீனியா வந்தால் பிழைக்குமா?

நான்கு மாதக் குட்டி, நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, மஞ்சளாக வாந்தி, இரத்தம் கலந்த பேதி, டாக்டர் பான்லூக்கோபீனியா என்கிறார், வீட்டில் இன்னொரு பூனையும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இன்றைக்கே ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

பான்லூக்கோபீனியா என்பது பார்வோ வகை வைரஸால் பூனைகளுக்கு வரும் தொற்றுநோய். அந்த வைரஸ் உடம்பில் வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப் பிடிக்கும். குடலின் உட்சுவர் அரிக்கப்படுவதால் வாந்தியும் பேதியும் வருகின்றன. இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை முடங்குவதால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மளமளவென்று குறைகின்றன. அந்த நேரம் பார்த்துக் குடலில் உள்ள பாக்டீரியா இரத்தத்துக்குள் நுழைந்துவிடும். மஜ்ஜை மீளும்வரை குட்டியின் உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். ட்ரிப்ஸில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல், வாந்தி நிற்க ஊசி, பாக்டீரியாவைத் தடுக்க ஆன்டிபயாடிக், வாந்தி அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. முதல் ஐந்து நாள் தாண்டிவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும்.

நான் இருப்பது பாலக்கோடு. எங்கள் பக்கம் கால்நடை மருத்துவமனை என்றாலே மாடு, ஆட்டுக்குத்தான் என்று நினைத்து, பூனையைத் தூக்கிக்கொண்டு போகக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தில் போகும் உயிர்கள்தான் எனக்கு ஆறவே ஆறாத வருத்தம். எங்கள் குட்டிக்கு இதே நோய் வந்தபோது, அதைக் கறவை மாடுகளுக்கு நடுவில் வரிசையில் நின்றுதான் காட்டினேன், பொறுமையாகப் பார்த்தார்கள். அது மார்கழி மாதம். குட்டியின் உடம்பு சில்லிட்டுப் போனதால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கச் சொன்னார் டாக்டர். குட்டி பிழைத்தது.

உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம், கால் மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும்.

அப்புறம் தரை. இந்த வைரஸ் ஒரு வருடம்வரை வீட்டில் தங்கக்கூடியது. பினாயிலுக்குச் சாகாது, பூனைக்குப் பினாயிலும் ஆகாது. முதலில் அழுக்கை நன்றாகக் கழுவுங்கள். பிறகு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தை (ப்ளீச்) லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அதோடு ஆசிட் எதையும் கலக்க வேண்டாம். குட்டி மலம் கழித்த மண் தட்டு, படுத்த சாக்கு இரண்டையும் எரித்துவிடுவது நல்லது. செருப்பிலும் உடையிலும்கூடப் பரவும், ஆனால் மனிதர்களுக்குத் தொற்றாது.

இன்னொரு பூனையைத் தனி அறையில் வையுங்கள். அறிகுறி தெரிய பத்து நாள்வரை ஆகலாம். தடுப்பூசி போடாத பூனை என்றால், இப்போதே போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குட்டிகளுக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். பூனைத் தடுப்பூசி எங்கள் ஊரில் எப்போதும் கிடைப்பதில்லை. அதனால் தர்மபுரிக்கோ ஓசூருக்கோ கிளம்பும் முன் போன் செய்து, இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.