மைனஸ் முடுக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகளுக்கு நுண்கணிதம் சொல்லிக்கொடுக்கப் பழைய பாடங்களைத் தூசு தட்டிக்கொண்டிருக்கிறேன். நேர்கோட்டில் நகரும் ஒரு துகளின் இடம் இ = ந³ − 6ந² + 9ந (இ மீட்டரில், ந நொடியில்). ஒருமுறை வகையிட்டால், அதாவது நேரத்தோடு அது மாறும் வீதத்தைக் கண்டால், திசைவேகம், மறுமுறை வகையிட்டால் முடுக்கம். 1.5 நொடியில் முடுக்கம் −3 வருகிறது. அதாவது துகள் மெதுவாகிறது. இதுவரை சரி. அவள் கேட்பது, மூன்றாவது தடவையும் வகையிட்டால் கிடைப்பதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா, இல்லை வெறும் பயிற்சிக் கணக்கா என்று. இதையெல்லாம் நினைவில் வைக்க எளிய வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

மகளின் கேள்வி அருமையானது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், ‘இதுவரை சரி’ என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போனீர்களே, அந்த இடம்தான் சரியில்லை.

1.5 நொடியில் உங்கள் துகள் என்ன செய்கிறது? திசைவேகம் தி = 3ந² − 12ந + 9. அதில் 1.5 போட்டால் −2.25 மீ/நொடி. துகள் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு கழித்து, 1.6-இல், அதே கோவை −2.52 தருகிறது. குறியை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் பாருங்கள். 2.25 இப்போது 2.52 ஆகிவிட்டது. இதையா மெதுவாகிறது என்கிறீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தப்பு உங்களுடையது மட்டும் அல்ல, என் எரிச்சலே அதனால்தான். ‘முடுக்கம் மைனஸ் என்றால் வேகம் குறைகிறது’ என்று யாரோ ஒரு வசதிக்குச் சொல்லிவைக்க, தலைமுறை தலைமுறையாக அது ஒப்பிக்கப்படுகிறது. முன்னோக்கி மட்டுமே ஓடும் வண்டிக் கணக்கில் அது பலித்துவிடும். துகள் ஒருமுறை திரும்பினால் போதும், காலை வாரிவிடும். முடுக்கத்தின் குறி, துகள் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தால் இன்னும் விரையும். எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தால் தளரும். ஆகவே ஒரு குறியை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது, இரண்டும் வேண்டும்.

என் வாய்வார்த்தையை நம்பவேண்டாம், வகையிட்டே பார்த்துவிடலாம். வேகம் கூடினால் தி² கூடும், குறைந்தால் தி² குறையும். முடுக்கத்தை மு என்று வைத்துக்கொண்டு, தி²-ஐ நேரத்தைப் பொறுத்து வகையிட்டால் 2 × தி × மு. தியும் முவும் ஒரே குறி என்றால் பெருக்கல் நேர்மம், வேகம் கூடுகிறது. வேறு வேறு குறி என்றால் குறைகிறது. அவ்வளவுதான் சங்கதி.

இனி உங்கள் துகளை முழுக்க ஓடவிடுங்கள். தி = 3(ந − 1)(ந − 3), ஆகவே 1-லும் 3-லும் அது நிற்கிறது. மு = 6ந − 12, அது 2-இல் சுழி. இந்த மூன்று எண்களும் நேரக்கோட்டை நான்கு துண்டாக வெட்டுகின்றன. 0 முதல் 1 வரை தி பிளஸ், மு மைனஸ்: தளர்கிறது. 1 முதல் 2 வரை இரண்டுமே மைனஸ்: விரைகிறது, நீங்கள் சறுக்கியது இந்தத் துண்டில். 2 முதல் 3 வரை தி மைனஸ், மு பிளஸ்: தளர்கிறது. 3-க்குப் பிறகு இரண்டும் பிளஸ். மூன்றாவது துண்டை மகளோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். 2.5-இல் முடுக்கம் +3, திசைவேகம் −2.25. 2.6-இல் திசைவேகம் −1.92. பிளஸ் முடுக்கத்தோடு வேகம் குறைகிறது! உங்கள் சூத்திரம் இங்கே இரண்டாவது தடவையும் உடைகிறது.

இன்னொன்று. திசைவேகம் சுழி என்றால் முடுக்கமும் சுழி என்று முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். 1-இல் துகள் நிற்கிறது, அப்போது முடுக்கம் −6. அந்தத் தள்ளல் இருப்பதால்தான் அது திரும்புகிறது. நின்றதெல்லாம் திரும்பும் என்றும் இல்லை. இ = (ந − 2)³ என்று ஒரு துகள் இருந்தால், 2-இல் ஒரு கணம் நின்றுவிட்டு அது வந்த திசையிலேயே தொடர்ந்து போகும். நிற்கும் புள்ளிக்கு முன்னும் பின்னும் தியின் குறி மாறுகிறதா என்று பார்க்காமல் ‘திரும்பியது’ என்று எழுதக் கூடாது. திரும்புவதைக் கவனிக்காவிட்டால் தூரமும் தப்பாகும். முதல் 4 நொடியில் உங்கள் துகளின் இடப்பெயர்ச்சி 4 மீட்டர், ஆனால் அது கடந்த தூரம் 12. நான்கு முன்னே, நான்கு பின்னே, மறுபடி நான்கு முன்னே.

எளிய வழி கேட்டிருந்தீர்கள். கிடையாது. இரண்டு தடவையும் வகையிட்டு முடித்த பிறகு எண்ணைப் போடுங்கள், அது போதும். முதலிலேயே 1.5-ஐ இ-யில் போட்டால் கிடைப்பது ஒரு மாறிலி, அதை வகையிட்டால் சுழிதான் வரும்.

மூன்றாவது வகைக்கெழுவுக்கு அர்த்தம் உண்டு. முடுக்கம் மாறும் வீதம் அது, அலகு மீ/நொடி³, ஜெர்க் என்பார்கள். பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது ஓட்டுநர் ஒரே அழுத்தாக பிரேக் போட்டால், வண்டி நிற்கும்வரை நம் கால்கள் அதற்குப் பழகிவிடும். நின்ற கணத்தில்தான் பின்னால் தூக்கிப்போடும். அதுவரை இருந்த எதிர்முடுக்கம் பொசுக்கென்று சுழியாகிவிடுகிறது இல்லையா, அந்த உதறல்தான் ஜெர்க். கைதேர்ந்த ஓட்டுநர் நிற்பதற்குச் சற்று முன்பே பிரேக்கைத் தளர்த்திக்கொண்டே வருவார். லிஃப்ட் வடிவமைப்பவர்களும் முடுக்கத்தோடு நிறுத்தாமல் அது மாறும் வீதத்துக்கும் வரம்பு கட்டுகிறார்கள்.

உங்கள் துகளுக்கு அது 6, எந்த நேரத்திலும். நான்காவது, சுழி. மகளிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் அந்த 1.5-ஐத் திருத்திவிட்டு.