கண் அழுத்தத்துக்குக் கஞ்சாவா?

கேள்வி: என் அப்பாவுக்குக் குளுக்கோமா என்று வவுனியா கண் கிளினிக்கில் சொல்லித் துளிமருந்து கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்குக் கஞ்சாவே மருந்தாம் என்கிறார் வெளிநாட்டிலுள்ள எங்கள் சித்தப்பா. துளிமருந்தை நிறுத்திவிட்டு அதைக் கொடுத்துப் பார்க்கலாமா? (வாசகர், மாங்குளம்)

பதில்: நிறுத்தக் கூடாது. குளுக்கோமா என்பது, பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு நலியும் நோய். சித்தப்பா கதை கட்டவில்லை. ஆனால் அவர் சொல்வது ஐம்பது வருடத்துக்கு முந்திய செய்தி. கஞ்சா புகைத்தவர்களின் கண்ணழுத்தம் ஏறத்தாழ கால்பங்கு இறங்குவதாக 1971இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். ரொபேர்ட் ராண்டல் என்ற குளுக்கோமா நோயாளி, வீட்டில் கஞ்சாச் செடி வளர்த்ததற்கான வழக்கில் மருத்துவத் தேவையென வாதிட்டு 1976இல் வென்று, அரசாங்கத்திடமிருந்தே அதைப் பெற்றார். அப்போது கண்ணழுத்தத்தைக் குறைக்கும் ரிமோலோல் துளிமருந்து அங்கே விற்பனைக்கு வந்திருக்கவில்லை. இரவில் ஒரு துளி போதுமான லற்றனோபுறொஸ்ற் வந்தது 1996இல்தான்.

கஞ்சாவால் இறங்கும் அழுத்தம் மூன்று, நான்கு மணித்தியாலத்தில் மீண்டும் ஏறிவிடும். இருபத்துநான்கு மணித்தியாலமும் அதை இறக்கி வைத்திருக்க வேண்டுமானால், தூக்கத்திலிருந்து எழுப்பியாவது நாளுக்கு ஆறு, எட்டுத் தடவை கொடுக்க வேண்டும். அந்த மயக்கத்தில் இருப்பவரை ஏ9 வீதியைக் கடந்து வயலுக்கு யார் அனுப்புவது? போதாக்குறைக்கு, அது இரத்த அழுத்தத்தையும் குறைப்பதால், ஏற்கெனவே நலிந்துள்ள பார்வை நரம்புக்குப் போகும் இரத்தமும் குறையலாம். அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கமே இதைப் பரிந்துரைப்பதில்லை. நம் கரையோரங்களில் கள்ளத்தனமாக வந்திறங்கும் பொதியில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறதென்று அதை விற்பவனுக்கே தெரியாது. பொலிஸ், வழக்கு என்ற தொல்லை வேறு.

எனக்குக் கவலை தருவது கஞ்சாவைவிட, ‘நிறுத்திவிட்டு’ என்று நீங்கள் எழுதிய சொல்தான். துளிமருந்து பார்வையைக் கூட்டாது, இருப்பதைக் காக்கும். ஆகவே அதை விட்டவருக்கு அடுத்த நாளோ அடுத்த மாதமோ எந்த வித்தியாசமும் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் நோவில்லாமல், ஓரப் பார்வையிலிருந்து தொடங்கி நரம்பு கருகிக்கொண்டே வரும். கண்புரையைப்போல் சத்திரசிகிச்சை செய்து இழந்த பார்வையை மீட்கவும் முடியாது. மருந்து எரிகிறது, கண் சிவக்கிறது என்பதால் அப்பா வெறுக்கிறாரென்றால், அதை வைத்தியரிடம் சொல்லி மருந்தை மாற்றிக் கேளுங்கள். லேசர், சத்திரசிகிச்சை வழிகளும் உண்டு. அவருக்கு ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், ரிமோலோல் மூச்சிழுப்பைக் கூட்டக்கூடியது.

இந்நோய் குடும்பத்தில் தொடர்வது. அடுத்த கிளினிக்குக்கு அப்பாவுடன் போகும்போது, நீங்களும் உங்கள் சகோதரர்களும் கண்ணழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். சித்தப்பாவையும் அவர் இருக்கும் நாட்டிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.