உறைந்த ஆற்றில் மீன் பிடித்த நாட்கள்: கேட்டவையும் பதில்களும்

கனடாவில், மொன்றியலில் வளர்ந்தவள் நான். சின்ன வயதில் ஜனவரி வந்தால் அப்பா எங்களை சென்-ஆன்-த-லா-பெராட் என்ற ஊருக்குக் கூட்டிப்போவார். கியூபெக் நகருக்குப் போகும் வழியில் இருக்கிறது. அங்கே ஆறு உறைந்ததும் அதன்மேல் நூற்றுக்கணக்கான மரக்குடில்கள் முளைத்துவிடும். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

அக்கா, ஐஸுக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால் குளிரில் விறைத்துப் போக மாட்டீர்களா?

குடிலுக்குள் விறகடுப்பு எரியும், ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் இருப்போம். சுவரோரமாக ஐஸை நீளமாக வெட்டியிருப்பார்கள், கீழே கறுப்பாகத் தண்ணீர் தெரியும். மேலே குறுக்கே ஒரு கட்டை, அதிலிருந்து வரிசையாகத் தூண்டில் நூல்கள், இரை பன்றி ஈரல். ஒவ்வொரு நூலிலும் ஒரு தீக்குச்சி செருகியிருக்கும், அது அசைந்தால் மீன் கடிக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு அந்தக் குச்சிகளைப் பார்ப்பதுதான் வேலை, யாருடைய குச்சி முதலில் ஆடியது என்று நானும் தம்பியும் போட்ட சண்டைக்கு அளவே இல்லை. பிடித்த மீனைக் கதவைத் திறந்து வெளியே எறிவோம், கொஞ்ச நேரத்தில் கல்லாக உறைந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இரவுதான். அடுப்பு வெடிக்கும் சத்தம், ஈரக் கையுறை காயும் வாசம், பக்கத்துக் குடிலில் யாரோ பாடுவது எல்லாம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அது என்ன மீன்?

பூலாமோன் என்பார்கள். கொட் (cod) என்ற கடல்மீன் குடும்பத்தில் சின்னது. சென் லோரன்ஸ் ஆற்றின் முகத்துவாரப் பக்கமிருந்து முட்டையிட நன்னீருக்கு ஏறி வருகிறது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை காலம். 1938இல் எழேன் மயோ என்பவர் அந்த ஊர் ஆற்றில் ஐஸ் வெட்டும்போது இந்த மீன்களைக் கண்டார், அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இதன் இரத்தத்தில் உறையாமல் காக்கும் ஒருவகைப் புரதம் உண்டு. உப்புத்தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போயும் திரவமாகவே இருக்குமே, அந்தக் குளிரில் உயிர் வாழ அது வேண்டும்.

பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆசை. ஐஸ் உடையாதா?

குடில் வாடகைக்கு விடுகிறவர்கள் ஐஸை அளந்துதான் ஆட்களை விடுவார்கள், அப்படியான இடத்துக்கே போங்கள். தனியாள் நடக்கவே 15 சென்டிமீட்டர் வேண்டும் என்கிறது கனடிய செஞ்சிலுவைச் சங்கம். ஆறு ஏரி மாதிரி இல்லை, ஓட்டம் ஐஸை அடியிலிருந்து அரிக்கும், ஓரிடத்தில் தடிப்பாக இருந்தால் பத்தடி தள்ளியும் அப்படி இருக்கும் என்று நம்பவே கூடாது. பாலத்தூண் பக்கமும் ஓடை வந்து சேரும் இடமும் இன்னும் மோசம். வெண்மையான ஐஸ், தெளிந்த நீல ஐஸ் அளவுக்குத் தாங்காது. குடிலுக்குள்ளும் வெட்டிய ஓரத்தில் சின்னப் பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள்.

எப்படிச் சமைப்பீர்கள் அக்கா?

அந்த ஊர்க்காரர் மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பார்கள். அம்மா மீனின் தலையை வெட்டிக் கழுவி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பூசி எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிப்பார். குழம்புக்குச் சரிவராது, சதை மென்மை, கரைந்துவிடும். பொரியுங்கள், அதுதான் சரி.