கையில் வரும் சம்பளமா, மொத்தச் சம்பளமா?

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறேன், மனைவி பள்ளியொன்றில் துப்புரவுப் பணியாளர். இருவருக்கும் சேர்த்து மாதம் 3,700 ரிங்கிட் கைக்கு வருகிறது. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் 8 ஏ பெற்ற மகளுக்கு உபகாரச் சம்பள (கல்வி உதவித்தொகை) மனு வாங்கினோம். குடும்ப வருமானம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாதாம். ஈப்போவில் தங்கி வேலை பார்க்கும் மூத்த மகனின் சம்பளமும் இதில் சேருமா?

பதில்: மகனின் சம்பளத்துக்கு முன் உங்கள் 3,700 என்ற கணக்கையே திருத்த வேண்டியிருக்கிறது. மனுவில் ‘பெண்டாபாத்தான் காசார்’ என்றிருந்தால், அது பிடித்தங்களுக்கு முந்தைய மொத்த வருமானம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை எடுத்துக்கொண்டால், ஊழியர் சேமநிதிக்கு மட்டும் 11 விழுக்காடாக 187 ரிங்கிட் போய்விடுகிறது. தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவும் தோட்டத்தில் வாங்கிய முன்பணமும் அதற்கு மேல். 11 விழுக்காடு கழிந்த பிறகுதான் அந்த 3,700 என்றால், உங்கள் இருவரின் மொத்த வருமானம் 4,150 ரிங்கிட்டைத் தாண்டும். இதைக் குறைத்து எழுதிவிடாதீர்கள். நிதி வழங்கும் அமைப்பு சேமநிதிக் கணக்கறிக்கையையும் கேட்டால், மாதச் சந்தாவே உண்மையைக் காட்டிவிடும், பொய்த் தகவலுக்காகக் கிடைத்த உதவியையும் திரும்பப் பெறுவார்கள்.

மகனின் சம்பளம் சேருமா என்பது மனுவில் உள்ள விளக்கத்தைப் பொறுத்தது. பெற்றோர் வருமானம் என்றிருந்தால் சேராது. ‘இசி ரூமா’ என்றிருந்தால், பெரும்பாலும் ஒரே வீட்டில் வாழ்ந்து செலவைப் பகிர்ந்துகொள்பவர்களையே குறிக்கும் என்றாலும், தனியே தங்கியிருக்கும் மகனைப் பற்றி நிதி வழங்கும் அமைப்பிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரம்பைத் தாண்டினாலும் மனுவை உடனே மடித்து வைத்துவிட வேண்டாம். அது கட்டாயத் தகுதியா, அல்லது அந்த வரம்புக்குள் இருப்போருக்கு முன்னுரிமையா என்று பாருங்கள். முன்னுரிமை மட்டுமே என்றால் தாராளமாக மனுச் செய்யலாம். சில அமைப்புகள் மொத்த வருமானத்தை வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையால் வகுத்துத் தலைக்கு எவ்வளவு என்று பார்க்கின்றன. பிள்ளைகள் அதிகமுள்ள தோட்டக் குடும்பங்களுக்கு இம்முறை பெரிதும் உதவும், இதைப் பலர் அறியாமலேயே ஒதுங்கிவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

மகளின் 8 ஏக்களில் ஏ மைனஸ் எத்தனை என்பதையும் எண்ணுங்கள். அதை ஏ-வாகக் கணக்கிடாத அமைப்புகளும் உண்டு. தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பி.டி.பி.டி.என். வழங்குவது கடன் என்பதால், அதை உபகாரச் சம்பளத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்த வாரமே தோட்டக் கிராணியிடம் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை முத்திரையுடன் கேட்டு வாங்கிவிடுங்கள்.